வைத்தியர் சொல்லும் அரசின் செவியும்
‘நான், டானியல் பிளேக்’ திரைப்படத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

நோயும் சாவும் மனிதர் யாவர்க்கும் பொதுவானவை என்று கூறுவது வழக்கம். இக்கூற்று பாதி உண்மையே. நோயுறும் உடல் எல்லோர்க்கும் ஒரு தன்மைத்தாயினும், நோயுற்ற காலத்தில் ஒருவன் எதைக்கொண்டு உண்பான், அவனது வீட்டு வாடகையை யார் செலுத்துவர் என்னும் வினாக்களுக்கு வர்க்கத்துக்கொரு விடை உண்டு. சேமிப்புடையவன் வைத்தியரிடம் மருந்தை மட்டுமே எதிர்பார்க்கிறான். உழைப்பை விற்றுச் சீவிப்பவனோ மருந்தோடு ஒரு காகிதத்தையும் வேண்டி நிற்கிறான். அந்த அத்தாட்சிப் பத்திரம் இல்லையேல் அவனது நோய் அரசின் கண்ணுக்குப் புலப்படாது. பத்திரம் இருந்தும் அரசு அதனை நம்ப மறுக்குமாயின் அவன் கதி யாது?

இவ்வினாவை மையமாகக் கொண்டு எழுந்த கலைப்படைப்புகளுள் முதன்மையானது, பிரித்தானிய நெறியாளர் கென் லோச் 2016ஆம் ஆண்டில் உருவாக்கிய ‘நான், டானியல் பிளேக்’ என்னும் திரைப்படமாகும். திரைக்கதையை எழுதியவர் போல் லாவர்ட்டி. அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருதைப் பெற்ற இப்படம், வெளிவந்த நாள் முதலே பிரித்தானிய அரசியல் அரங்கிலும் விவாதப் பொருளாயிற்று. வீடற்றோர் அவலத்தைச் சித்திரித்த ‘கதி கம் ஹோம்’ என்னும் தொலைக்காட்சி நாடகத்தை 1966இல் தந்த அதே லோச், ஐம்பது ஆண்டுகள் கழித்து எண்பது வயதில் இப்படத்தைத் தந்தார். விருதையும் பெயரையும் ஒருபுறம் வைத்துவிட்டு, இப்படம் தான் எடுத்துக்கொண்ட பொருளுக்கு எவ்வளவு தூரம் நியாயம் செய்துள்ளது, எவ்விடத்தில் நின்றுவிட்டது என்பதை ஆராய்வதே நமது நோக்கம்.

டானியல் நியூகாசில் நகரத்துத் தச்சுத் தொழிலாளி. வயது 59. மனைவியை இழந்தவன். வேலைத்தலத்தில் மாரடைப்புக்கு உள்ளாகிய அவனை, வேலைக்குத் திரும்பலாகாது என்று வைத்தியர் தடுத்துவைத்திருக்கிறார். படம் இருளில் தொடங்குகிறது. திரையிற் பெயர்கள் ஓடுகின்றன. குரல்கள் மட்டும் கேட்கின்றன. கையை உயர்த்த முடியுமா, தொப்பி அணிபவன்போற் கையைத் தலைவரை கொண்டுசெல்ல இயலுமா, தொலைபேசியின் பொத்தானை அழுத்த இயலுமா என்று ஒரு பெண்குரல் வினவிக்கொண்டே செல்கிறது. தனது நோய் இருதயத்திலன்றோ என்று அவன் மீண்டும் மீண்டும் சொல்லிப் பார்க்கிறான். வினாக்கொத்தில் இருதயத்துக்கு இடமில்லை. முடிவில், அவன் வேலை செய்யத் தகுதியுடையவன் என்று தீர்மானமாகிறது.

இக்காட்சியைக் கண்டு நகைப்போர் உளர், நகைக்கத்தக்க காட்சிதான். ஆயின் இஃது ஆசிரியர்களின் மிகைக் கற்பனையன்று. பிரித்தானியாவில் 2008இல் புகுத்தப்பட்ட ‘வேலைத் தகுதிச் சோதனை’ என்னும் நடைமுறை இவ்வாறே அமைந்தது. நடத்தல், கையுயர்த்தல், பொருளைத் தூக்குதல், பிறரோடு பேசுதல் எனப் பல்வேறு தொழிற்பாடுகளுக்கும் புள்ளிகள் வகுக்கப்பட்டன. பொதுவாக 15 புள்ளிகள் சேர்ந்தாலன்றி நோய்க்காலக் கொடுப்பனவு கிட்டாது. சோதனையை நடத்தும் பொறுப்பு தனியார் கம்பனிகளுக்குக் குத்தகையாக வழங்கப்பட்டது. முதலில் அட்டோஸ், 2015 முதல் மக்சிமஸ். இதனைப் புகுத்தியது தொழிற்கட்சி அரசாங்கம். இறுக்கியது பின்வந்த பழைமைவாதக் கட்சியின் கூட்டரசாங்கம். இவ்விடயத்தில் இரு கட்சிகளுக்குமிடையே இருந்த வேறுபாடு மிகச் சிறிதே என்பதையும் நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

சோதனையை வகுத்தோர் பக்கத்து நியாயத்தையும் கேட்போம். நோயின் பெயர் மட்டும் மனிதனது ஆற்றலைக் காட்டாது. ஒரே நோயுடைய இருவருள் ஒருவர் அலுவலகம் செல்கிறார், மற்றவர் படுக்கையில் கிடக்கிறார். ஆகவே தொழிற்பாட்டையே அளக்க வேண்டும் என்பது அவர்களது வாதம். இவ்வாதத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஆயின், நோயாளியை ஆண்டுக்கணக்கில் அறிந்த வைத்தியரது அறிவோடு தொழிற்பாட்டு அளவையையும் சேர்த்துக்கொள்வது ஒன்று. அவ்வறிவை ஒதுக்கிவிட்டு, ஒரு மணி நேரமே நோயாளியைக் கண்ட ஒருவரது புள்ளித்தாளை அதன் இடத்தில் வைப்பது முற்றிலும் வேறொன்று. பின்னதே நடந்தது. சந்தையில் விற்கத்தக்க உழைப்புச் சக்தி இவ்வுடலில் இன்னும் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதே சோதனையின் உண்மையான வினா. ‘வேலைக்குப் போனால் இவன் இறந்துபோகக்கூடும்’ என்ற வைத்தியரின் எச்சரிக்கை அவ்வினாவுக்குரிய விடையாகக் கொள்ளப்படவில்லை.

தீர்ப்பை எதிர்த்து மேன்முறையீடு செய்யலாமே எனின், அதற்கும் ஒரு வாயிற்காவல் உண்டு. 2013 முதல், மேன்முறையீட்டு நியாயசபையை நாடுமுன் ‘கட்டாய மீள்பரிசீலனை’ ஒன்றைக் கோரியாக வேண்டியிருந்தது. அது முடியும்வரை அக்காலத்தில் நோய்க்காலக் கொடுப்பனவு கிடைக்கவில்லை. எனவே டானியல் வேலையற்றோர் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கிறான். அதனைப் பெறுவதாயின் வாரத்துக்கு 35 மணி நேரம் வேலை தேடியதாகக் காட்ட வேண்டும். வைத்தியர் தடுத்த வேலையைத் தேடுவதாகப் பாசாங்கு செய்தாலன்றி உணவில்லை என்ற நிலைக்கு ஓர் உண்மையான தொழிலாளி தள்ளப்படுகிறான். நேர்மையாளனைப் பொய்யனாக்கியே சோறிடும் இவ்வமைப்பின் முரண்பாட்டை லோச் எவ்வித ஆரவாரமுமின்றிக் காட்டியுள்ளார். படத்தின் தலைசிறந்த பகுதி இதுவே என்பது நமது கருத்து.

டானியல் ஒரு தனிமனிதனா, வகைமாதிரியான பாத்திரமா? யதார்த்தப் படைப்பொன்றை மதிப்பிடுகையில் இவ்வினாவை நாம் எழுப்பியே ஆக வேண்டும். படம் வெளிவருவதற்கு முந்திய ஆண்டில், 2015 ஓகஸ்டில், பிரித்தானிய அரசே ஒரு கணக்கை வெளியிட நேர்ந்தது. 2011 டிசம்பர் முதல் 2014 பெப்ரவரி வரையான காலத்தில், வேலைக்குத் தகுதியுடையோர் எனத் தீர்க்கப்பட்டுக் கொடுப்பனவு நிறுத்தப்பட்டோருள் 2,380 பேர் இறந்திருந்தனர். தீர்ப்பே சாவுக்குக் காரணம் என்று இக்கணக்கைக்கொண்டு நிறுவ முடியாது என அரசு கூறிற்று. அவ்வளவில் அது சரியே. நாமும் அவ்வாறு கூறவில்லை. ஆயின், சாவை அணுகிக்கொண்டிருந்தோரையும் ‘வேலைக்குத் தகுதியுடையோர்’ என்று எழுதத்தக்க சோதனையொன்று எதனை அளந்தது என்ற கேள்வி அக்கூற்றினால் மறைந்துவிடாது. டானியல் அக்கணக்கிலிருந்து எழுந்துவந்து பெயரும் முகமும் பெற்ற மனிதன். அவ்வகையில் அவன் வகைமாதிரியான பாத்திரமே.

இனி, படத்தில் இடம்பெறாத ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். வைத்தியரின் சொல்லுக்கு இவ்வாறு செவி சாய்க்க மறுத்த அதே அமைப்பு, ஒரேயொரு சந்தர்ப்பத்தில் மட்டும் அச்சொல்லை முழுமையாக ஏற்றது. நோயாளி விரைவில் இறந்துவிடுவார் என்று வைத்தியர் எழுதும் சந்தர்ப்பமே அது. இதற்கென வகுக்கப்பட்டவை ‘விசேட விதிகள்’ எனப்படும். இவ்விதிகளின் கீழ் வருவோருக்குப் புள்ளிச் சோதனை இல்லை, நேர்முக விசாரணை இல்லை, காத்திருப்பு இல்லை, கொடுப்பனவு உயர்ந்த விகிதத்தில் விரைந்து கிடைக்கும். சாவை அண்மித்தோருக்கு இவ்வளவு இரங்கிய அரசைக் குறை கூறலாமா என்று சிலர் கேட்கக்கூடும். விதிகளின் வரலாற்றை நோக்கினால் விடை தெளிவாகும்.

பிறர் துணையின்றி அன்றாடக் கருமங்களை ஆற்ற முடியாதோருக்கான பராமரிப்புக் கொடுப்பனவு பிரித்தானியாவில் 1971இல் தொடங்கிற்று. ஆறு மாதங்கள் தொடர்ந்து அந்நிலையில் இருந்தோரே அதனைப் பெறலாம் என்பது நிபந்தனை. இதன் விளைவு யாது? ஆறு மாதங்களுக்குள் இறப்பவர், மிகக் கூடிய துணை வேண்டியிருந்த காலத்திலேயே, ஒரு சதமும் பெறாது இறந்தார். இக்கொடுமையை நீக்க 1990ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் ஒரு திருத்தம் செய்தது. வளர்ந்து செல்லும் நோயொன்றினால் ஆறு மாதங்களுக்குள் இறப்பார் என நியாயமாக எதிர்பார்க்கத்தக்கவருக்குக் காத்திருப்பு வேண்டியதில்லை என்றாயிற்று. நல்ல திருத்தமே. ஆயின் ‘ஆறு மாதம்’ என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதை வாசகர் கவனித்தல் வேண்டும். வைத்திய சாஸ்திரம் தந்த எண்ணன்று அது. கந்தோரின் காத்திருப்புக் காலம் தந்த எண். பின்னர் வேறு கொடுப்பனவுகள் தோன்றின, பழையவை மறைந்தன. காத்திருப்புக்காகப் பிறந்த அவ்வெண்ணோ, சாவை அண்மித்தவர் யார் என்பதற்கான வரைவிலக்கணமாகவே மூன்று தசாப்தங்கள் நிலைத்துவிட்டது.

இவ்விதிகளுக்குரிய வைத்திய அத்தாட்சி ‘டீ.எஸ். 1500’ என்னும் படிவத்தில் அளிக்கப்பட்டது. நோய் யாது, எப்போது கண்டறியப்பட்டது, என்ன சிகிச்சை நடைபெறுகிறது, நோயின் கடுமையைக் காட்டும் அறிகுறிகள் யாவை என்று அது வினவிற்று. நோயாளி தமது நிலையை அறிவாரா என்றும் அதில் ஒரு வினா இருந்தது. நோயாளி அறியாமலே அவர் சார்பில் விண்ணப்பிக்கவும் சட்டம் இடமளித்தது. எத்தனை மாதங்கள் என்ற எண்ணைப் படிவம் நேராகக் கேட்கவில்லை; ஆனால் ஆறு மாத வரைவிலக்கணத்தை மனத்திற்கொண்டே வைத்தியர் அதனை எழுதினார், அதனை மனத்திற்கொண்டே உத்தியோகத்தர் வாசித்தார். நோயாளியிடம் சொல்லத் தயங்கிய ஒன்றைத் திணைக்களத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய இக்கட்டு வைத்தியருக்கு ஏற்பட்டது.

அவ்வாறு எழுதப்படும் சொல் எவ்வளவு நம்பத்தக்கது? சிக்காகோ நகரில் இறுதிக்காலப் பராமரிப்பு நிலையங்களைச் சார்ந்த நோயாளர் 468 பேர்பற்றி 343 வைத்தியர்கள் கூறிய மதிப்பீடுகளை, அந்நோயாளர் உண்மையில் வாழ்ந்த காலத்தோடு ஒப்பிட்டு, கிறிஸ்டாகிஸ், லமொன்ட் என்னும் இரு ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நூற்றுக்கு இருபது மதிப்பீடுகளே ஏறத்தாழச் சரியாக இருந்தன. 63 வீதமானவை நோயாளி உண்மையில் வாழ்ந்ததைவிட நீண்ட ஆயுளைக் கூறியவை. சராசரியாக நோக்குமிடத்து வைத்தியர்கள் உள்ளதை ஐந்து மடங்குக்கு மேலாகப் பெருக்கிக் கூறியிருந்தனர். இவை யாவற்றினும் சிந்திக்கத்தக்க முடிவொன்று உண்டு: வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையிலான தொடர்பு நீடிக்க நீடிக்க மதிப்பீட்டின் திருத்தம் குறைந்தது.

இம்முடிவு வைத்தியர்களை இழிவுபடுத்துவதன்று. நெடுங்காலம் பழகியவரின் சாவை நாட்கணக்கிட மனம் ஒப்பாது; நம்பிக்கை கணக்கைப் பிழைக்கச் செய்கிறது. நோயாளியின் வேதனையையும் அவரது வீட்டின் நிலையையும் யாவரினும் நன்கறிந்த வைத்தியரே, அவர் எத்தனை நாள் இருப்பார் என்ற வினாவுக்குப் பெரிதும் பிழையான விடை தருகிறார். அரசோ முன்னதைக் கேட்காது பின்னதைக் கேட்டது. அவர் அறிந்ததைப் புள்ளித்தாள் ஒதுக்கிற்று; அவரால் அறிய முடியாததைச் சட்டம் வற்புறுத்திற்று. மருத்துவச் சாட்சியம் என்னும் பெயரால் நடந்தது இதுவே.

இதன் சுமை எல்லா நோயாளர்மீதும் ஒரேயளவாக விழவில்லை என்பதையும் காண்டல் வேண்டும். புற்றுநோய் முற்றிய நிலையில் இறுதி இறக்கம் ஓரளவு ஒழுங்காக நிகழ்வதால், வைத்தியர் கையொப்பமிடத் துணிவர். இருதயம் தளர்ந்தோர், நாட்பட்ட சுவாசத்தடை நோயுடையோர் ஆகியோரின் நிலை அவ்வாறன்று. இன்று சாவின் வாயில்வரை சென்று நாளை மீள்வர். பலமுறை மீண்டவர் ஒருநாள் மீளாதொழிவர். தசைகளை இயக்கும் நரம்புக் கலங்கள் அழிந்துபோகும் இயக்க நரம்பணு நோயையும் எடுத்துக்கொள்ளலாம். நோய் கண்டறியப்பட்ட ஓராண்டுக்குள் மூன்றில் ஒரு பங்கினரும், ஈராண்டுக்குள் பாதிக்கு மேற்பட்டோரும் இறக்கின்றனர். இந்நோய்க்கு மீட்சி இல்லை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எம்மாதம் என்பதே ஐயம். அந்த ஐயத்தின் பலன் நோயாளிக்கு அளிக்கப்படாது திறைசேரிக்கு அளிக்கப்பட்டது. கை தளர்ந்து, நா தளர்ந்து, விழுங்கவும் இயலாது போகும் மனிதர், மாதக்கணக்குத் தப்பிய காரணத்தால், டானியல் நின்ற அதே புள்ளிச் சோதனையின் வரிசைக்கு அனுப்பப்பட்டனர். விசேட விதிகளின்கீழ்ச் சேர்க்கப்பட்டு எதிர்பார்த்ததினும் நீண்ட நாள் வாழ்ந்தோரும் கவலையின்றி வாழவில்லை. தனியாள் சுயாதீனக் கொடுப்பனவு அவர்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கே வழங்கப்பட்டது. அதன்பின் மீளாய்வு.

எங்கேனும் ஓர் எல்லைக்கோடு இருந்தே ஆக வேண்டுமே, பொதுப்பணத்தைக் கணக்கின்றி வழங்க முடியுமா என்று வினவுவோர்க்கு ஸ்கொத்லாந்து விடையளித்துள்ளது. 2018ஆம் ஆண்டின் ஸ்கொத்லாந்து சமூகப் பாதுகாப்புச் சட்டம் மாதக்கணக்கை அறவே நீக்கிற்று. சாவுக்கு இட்டுச் செல்லுமென நியாயமாக எதிர்பார்க்கத்தக்க, வளர்ந்து செல்லும் நோய் என்று வைத்தியர் தமது தொழில் அறிவைக்கொண்டு தீர்மானித்தாற் போதும். பின்னர் பதிவுபெற்ற தாதியருக்கும் இவ்வதிகாரம் வழங்கப்பட்டது. எல்லைக்கோடு அங்கும் உண்டு. ஆனால் வைத்தியர் அறிந்த ஒன்றன்மீது அது வரையப்பட்டுள்ளது. 2021இல் சிறுவருக்கும் 2022இல் வளர்ந்தோருக்கும் இம்முறைப்படி கொடுப்பனவுகள் தொடங்கின. திறைசேரி கவிழ்ந்துவிடவில்லை. ஒரு விசித்திரத்தையும் இங்குச் சுட்ட வேண்டும். வருமானக் குறைவுக்கான ‘யூனிவர்சல் கிரெடிட்’ இலண்டன் அரசின் அதிகாரத்திலேயே உள்ளது. ஆதலால் கிளாஸ்கோ நகரத்து நோயாளி ஒருவர், எடின்பரோவின் சட்டப்படி சாவை அண்மித்தவராகவும், அதே நாளில் இலண்டனின் சட்டப்படி அவ்வாறல்லாதவராகவும் இருக்கக்கூடும். உடல் ஒன்று, நோய் ஒன்று, வரைவிலக்கணம் இரண்டு.

இப்பின்னணியில் மீண்டும் படத்தை நோக்குவோம். அதன் குறைகளையும் கூறினாலன்றி விமர்சனம் முழுமையுறாது.

முதலாவது, டானியலின் சாவைப் பற்றியது. மேன்முறையீட்டு நாளன்று, வெற்றி உறுதி என்று நம்பிக்கை ஊட்டப்பட்ட பின்னர், விசாரணைக்குச் சில நிமிடங்களின் முன் கழிவறையில் மாரடைப்பினால் அவன் இறக்கிறான். பார்ப்போர் நெஞ்சு அதிர்கிறது. எனினும் இத்திடீர்ச் சாவு அமைப்பின் மெதுவான கொடுமையை ஓரளவு மறைத்துவிடுகிறது. பெரும்பாலோர் இவ்வாறு ஒரு கணத்தில் இறப்பதில்லை. கட்டிலில் கிடந்து, தபாற்காரரை எதிர்பார்த்து, மாதக்கணக்கில் இறக்கின்றனர். அந்த நீண்ட சாவைக் கலையாக்குவது கடினம். ஆனால் முடியாத காரியமன்று. டோல்ஸ்டோய் 1886இல் வெளியிட்ட ‘இவான் இலியிச்சின் மரணம்’ என்னும் குறுநாவல் அதனைச் செய்தது. நீதிமன்றத்தில் தான் பிறரை நடத்திய அதே தோரணையில் வைத்தியர்கள் தன்னை நடத்துவதை அந்நீதிபதி காண்கிறான். அவன் இறந்ததும், அரசாங்கத்திடமிருந்து கூடிய தொகை பெறும் வழியை மனைவி விசாரிக்கிறாள். அவனுக்கு உத்தியோகமும் சம்பளமும் இருந்தன. அவனது துன்பம் பொய்ம்மையைப் பற்றியது, பட்டினியைப் பற்றியதன்று. சம்பளமற்ற இவான் இலியிச் ஒருவனின் கதை இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே உள்ளது. லோச் அதன் வாயில்வரை வந்து நின்றுவிட்டார்.

இரண்டாவது குறை, வைத்தியரைப் பற்றியது. இப்படத்தில் வைத்தியரின் சொல் ஒதுக்கப்படுகிறது. ஆனால் வைத்தியர் ஒரு பாத்திரமாக வளரவில்லை. தனது அத்தாட்சி குப்பைக்கூடைக்குப் போவதை அறிந்த ஒரு வைத்தியர் என்ன நினைத்தார், என்ன செய்தார்? நம்மவர் பலர் அந்நாட்டு வைத்தியசாலைகளில் வைத்தியர்களாகவும் தாதியராகவும் பணியாற்றுகின்றனர். படிவத்தின் முன் அமர்ந்து பேனாவைத் திறக்கும் அவர்களது மனப் போராட்டம் சிறந்த படைப்புக்குரிய பொருள் என்பதில் ஐயமில்லை.

மூன்றாவதே முக்கியமானது. பொறுமையிழந்த டானியல், தொழில் நிலையத்தின் சுவரில் தன் பெயரோடு தன் கோரிக்கையை எழுதுகிறான். வீதியில் நிற்போர் ஆரவாரிக்கின்றனர். பொலிசார் அவனைக் கைதுசெய்கின்றனர். ஆரவாரித்தோர் தத்தம் வழியே போகின்றனர். படத்தின் இறுதியில், அவன் எழுதிவைத்த வாசகம் மரணச் சடங்கில் வாசிக்கப்படுகிறது. அவ்வாசகம் ஒரு குடிமகனின் தன்மானத்தைப் பேசுகிறது. உயர்ந்த குரல்தான், ஆயின் ஒற்றைக் குரல். நாற்பது ஆண்டுகளாவது உழைத்த தச்சனொருவனுக்குத் தொழிற்சங்கம் இல்லை. அவனைப்போன்ற பிற நோயாளரோடு கூட்டும் இல்லை. அயலார் அன்பு உண்டு. கேட்டி என்னும் இளந்தாயும் அவனும் ஒருவரையொருவர் தாங்குவது உள்ளத்தை உருக்குகிறது. ஆனால் அன்பு, அமைப்பாகத் திரளவில்லை. தனிமனிதனின் தோல்வியை அநுதாபத்தோடு காட்டுவதோடு படம் அமைதியடைகிறது.

வரலாறு படத்தைவிட ஓரடி முன்சென்றது என்பதைக் கூறவேண்டியது நமது கடமை. இயக்க நரம்பணு நோயாளர் சங்கமும், இறுதிக்காலப் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள மேரி கியூரி நிறுவனமும் ஆறு மாத விதியை ஒழிக்கக் கோரி 2018இல் இயக்கம் தொடங்கின. நோயாளரும் அவர்தம் குடும்பத்தினரும் வைத்தியரும் அதில் இணைந்தனர். 2019 யூலையில் அனைத்துக் கட்சிப் பாராளுமன்றக் குழுவொன்று இவ்விதியைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. அதே மாதம் அரசு மீளாய்வொன்றை அறிவித்தது. 2020இல் வட அயர்லாந்தில் நோயாளி ஒருவர் தொடுத்த வழக்கில், இவ்விதி பாரபட்சமானது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றிற்று. நீதிமன்றத்தில் தோற்றது பாராளுமன்றத்தில் ஓரளவு வென்றது. 2022 ஏப்ரலில் சில கொடுப்பனவுகளுக்கும், 2023 ஏப்ரலில் ஏனையவற்றுக்கும் ஆறு மாதம் என்பது பன்னிரண்டு மாதமாயிற்று. பழைய படிவத்தின் இடத்தில் ‘எஸ்.ஆர். 1’ என்னும் புதிய படிவம் வந்தது. சுவரில் எழுதிய தனிமனிதன் பெறாததை, பேசவும் இயலாத நோயாளர்கள் ஒன்றுசேர்ந்து பெற்றனர்.

பெற்றது முழு வெற்றியன்று. ஆறு, பன்னிரண்டாயிற்று, ஆயின் வைத்தியரிடம் சாவின் திகதியைக் கேட்கும் முறை மாறவில்லை. இன்று இக்கோட்டின் இருபுறமும் உள்ள பள்ளம் முன்னையினும் ஆழமாகியுள்ளது. தொழிற்கட்சி அரசு 2025இல் நிறைவேற்றிய யூனிவர்சல் கிரெடிட் சட்டம், 2026 ஏப்ரல் முதல் புதிதாக விண்ணப்பிப்போருக்குரிய நோய்க்கால மேலதிகத் தொகையை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது. வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் கடும் நோயுடையோர் சிலரும், பன்னிரண்டு மாதங்களுக்குள் இறப்பார் எனச் சான்று பெற்றோரும் இக்குறைப்பிலிருந்து விலக்குப் பெறுகின்றனர். விலக்கு அளித்ததை வரவேற்கலாம். அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்: அச்சான்றையோ மற்றைய விலக்கையோ பெறத் தவறியவர் முன்னர் இழந்ததைவிட இன்று கூடுதலாக இழப்பார். பொதுவான கொடுப்பனவைச் சுருக்கச் சுருக்க, விலக்குப் பெற்றுத்தரும் அத்தாட்சியின் விலை ஏறுகிறது. வைத்தியரின் மேசைமீது உள்ள படிவத்தின் பாரமும் ஏறுகிறது.

இங்கு நாம் சில முடிவுகளுக்கு வரலாம். மருத்துவச் சாட்சியம் வேண்டாம் என்பதன்று நமது கட்சி. வைத்தியரின் சொல்லை ஆதாரமாகக் கொள்ளும் சமுதாயம், அவர் உண்மையில் அறிந்ததையே அவரிடம் கேட்க வேண்டும். இந்நோய் மீளுமா, மீளாதா? இம்மனிதரால் தாமே உண்ணவும் குளிக்கவும் இயலுமா? இவருக்கு யார் துணை? இவ்வினாக்களுக்கு வைத்தியரும் தாதியும் நேர்மையாக விடை கூற முடியும். எத்தனை மாதம் என்ற வினாவுக்கு அவர்களால் அவ்வாறு கூற முடியாது. வறியவனின் சாவைத் தவணை வைத்து அளக்க முற்படும் சட்டம், எவ்வளவு இரக்கத்தோடு வரையப்படினும், அவன் உயிரோடு இருப்பதற்கு உதவி பெறும் உரிமையை ஏற்காத சட்டமேயாகும்.

‘நான், டானியல் பிளேக்’ இவ்வுண்மையின் முதற்பாதியைக் கலையாற்றலோடு நிறுவிய படம். ஆசிரியர்கள் இதனை மாணவரோடு சேர்ந்து பார்த்தல் நன்று. பார்த்த பின், அழுகையோடு கலைந்துவிடாது, அந்தச் சுவரைச் சுற்றி நின்று ஆரவாரித்தோர் ஏன் கலைந்துபோயினர், கலையாது நிற்க அவர்களுக்கு எது தேவைப்பட்டது என்று விவாதித்தல் அதனினும் நன்று. விதியை மாற்றிய நோயாளரிற் பலர் அம்மாற்றத்தின் பயனைக் காணாமலே இறந்தனர். தமக்குக் கிட்டாது என்று அறிந்தே அவர்கள் பிறர்க்காகப் போராடினர். அவர்களைப் பற்றிய படைப்பை நமது தலைமுறைக் கலைஞர் எவரேனும் ஆக்குவாராயின், அது லோச் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கும்.